மதுரைப் பக்கம் முன்னோரைத் தேடுவது எப்படி? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

தாத்தாவின் அப்பா பெயர் என்ன என்று கேட்டால் பலரும் சொல்லிவிடுவார்கள். அவருக்கும் அப்பா பெயர்? அங்கே நின்றுவிடும். "பெரியவர் இருந்தவரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு, நாமதான் எழுதி வைக்கல" என்ற பதிலை மதுரைப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்கலாம். சரி, பெரியவர் போய்விட்டார். ஆனால் அவர் விட்டுப்போன தடயம் நிறையவே கிடக்கிறது. அதை எங்கே, எந்த வரிசையில் தேடுவது என்று தெரியாமல்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஓய்வு நேரத்தில் இதே வேலையாகச் சுற்றுகிற சிலர் மதுரையில் இருக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய வழிகாட்டிகள் எல்லாம் குடும்பப் பெயரில் தொடங்கும். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. இனிஷியல்தான், அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். வெறும் பெயரை வைத்துத் தேடினால் இரண்டாவது தலைமுறையிலேயே வழி அடைபடும். நாம் பிடித்துக்கொள்ள வேண்டியவை ஊர், குலசாமி, கொள்வினை கொடுப்பினை, இந்த மூன்றும்தான். எந்த ஊர், எந்தச் சாமி, எங்கே பெண் எடுத்தார்கள், எங்கே பெண் கொடுத்தார்கள் என்று தெரிந்துவிட்டால் பெயர் தானாகப் பின்னால் வரும்.

இதற்கு விலக்கும் உண்டு. மதுரை சௌராஷ்டிரர்களிடம் குடும்பப் பெயர் இன்றும் உயிரோடு இருக்கிறது. டி.எம். சௌந்தரராஜன் பெயரில் டி என்பது தொகுளுவா என்ற குடும்பப் பெயர், எம் என்பது தகப்பனார் மீனாட்சி அய்யங்கார். தெலுங்கு பேசும் குடும்பங்களில் இண்டிபேரு என்ற வீட்டுப் பெயர் இருக்கும். நகரத்தார்களுக்கு இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில்கள். கல்யாணம் ஆனதும் புள்ளி என்று கோயிலில் கணக்கு ஏறிவிடும், அதனால் அவர்களுக்கு வேலை பாதி குறைவு. கொண்டையங்கோட்டை மறவர்களிடம் கிளை தாய்வழியில் வரும், அப்பாவை வைத்துக் கிளையைத் தேடினால் ஆள் மாறிவிடும். உங்கள் வீட்டில் இப்படி வகையறா, கிளை, கூட்டம், கோத்திரம், பட்டம் என்று எது புழங்கினாலும் முதல் பக்கத்திலேயே அதை எழுதிக்கொள்ளுங்கள். அர்த்தம் பிறகு தேடிக்கொள்ளலாம்.

முதல் வேலை: பேச்சு

ஆவண அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். அதிலும் பெண்களிடம் முதலில் கேளுங்கள். ஆண்களுக்குத் தங்கள் பங்காளி வரிசைதான் தெரியும். அப்பத்தாவுக்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு, அக்கா தங்கச்சி வாக்கப்பட்ட ஊர், நாத்தனார் மாமியார் வீடு என்று நாலு ஊர்க் கணக்கு மனதில் இருக்கும். நம் பக்கம் எழுதி வைத்த வம்சாவளிகளில் பெரும்பாலும் பெண்கள் பெயரே இருக்காது, "இன்னாருக்கு மூன்று ஆண் பிள்ளைகள்" என்று மட்டும் இருக்கும். அந்தக் குறையைத் தீர்க்க உயிரோடு இருக்கும் கிழவிகளை விட்டால் வேறு ஆவணம் கிடையாது.

"உங்க கொள்ளுத்தாத்தா பேரு என்ன?" என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுவார்கள். கேள்வியை நடந்த காரியத்தில் வைத்துக் கேளுங்கள். யார் செத்தால் நம் வீட்டுக்குத் தீட்டு? அப்பத்தா கேதத்துக்குக் கோடித் துணி யார் கொண்டுவந்தார்கள், நீர்மாலைக்கு யார் யார் போனார்கள்? உங்கள் காது குத்துக்கு எந்த மாமன் மடியில் உட்கார வைத்தார்கள்? தீட்டு யாருக்கு உண்டோ அவர்கள் பங்காளி. கோடி எந்த ஊரிலிருந்து வந்ததோ அது அந்த அம்மாவின் பிறந்த ஊர். இப்படிக் கேட்டால், பெயர் தெரியாது என்று சொன்ன அதே வாய் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசும். செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், ஆனால் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

ஆண்டு கேட்டாலும் வராது. அதனால் ஊரே அறிந்த சம்பவங்களை முன்னால் வைக்க வேண்டும். தனுஷ்கோடியை அடித்த புயல் 1964 டிசம்பர். வைகை அணை திறந்தது 1959. பர்மாவிலிருந்து ஜனங்கள் நடந்தே வந்தது 1942. மீனாட்சி அம்மன் கோயில் ஆலயப் பிரவேசம் 1939 ஜூலை. பெரியாற்றுத் தண்ணீர் மேலூர்ப் பக்கம் வந்தது 1895க்குப் பிறகு. தாது வருசப் பஞ்சம் 1876இல் தொடங்கியது. "அணை கட்டறப்ப அப்பா மண்ணு சுமக்கப் போனாரு, நான் கைப்பிள்ள" என்று ஒருவர் சொன்னால் அவர் பிறந்த ஆண்டு 1950களின் நடுவில் வந்து நின்றுவிடும். வயதை மட்டும் நம்பாதீர்கள், எண்பதைத் தாண்டியவர்கள் எல்லோருக்கும் ஊரார் கணக்கில் நூறு வயதுதான்.

வீட்டுக்குள் கிடப்பது

பரணில் ஏறுங்கள். நான் முதலில் கேட்பது மொய் நோட்டு. மதுரை, உசிலம்பட்டிப் பக்கம் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் மொய் எழுதுவது கடன் கணக்கு மாதிரி, அதனால் பழைய நோட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வரியிலும் ஊர், தகப்பன் பெயரின் முதலெழுத்து, ஆள் பெயர், தொகை. ஒரே ஊரிலிருந்து பத்துப் பேர் வந்திருந்தால் அங்கே நமக்குச் சம்பந்தம் இருக்கிறது என்று அர்த்தம். தாய்மாமன் மொய் வழக்கமாக முதலில் இருக்கும், தொகையும் பெரிதாக இருக்கும். அந்த ஒரு வரியே கல்யாணப் பெண்ணின் அம்மா எந்த வீடு என்று காட்டிக்கொடுத்துவிடும். நோட்டின் அட்டை கிழிந்து ஆண்டு தெரியாவிட்டால் தொகையைப் பாருங்கள். ரூபாய், அணா என்று எழுதியிருந்தால் அது 1957 ஏப்ரலில் புதுக் காசு வருவதற்கு முன்பு எழுதியதாகவோ, அதை ஒட்டிச் சில ஆண்டுகளுக்குள் எழுதியதாகவோ இருக்கும்.

அடுத்தது பாத்திரம். பித்தளை அண்டா, குடம், செம்பு, தாம்பாளம், எல்லாவற்றின் விளிம்பையும் துடைத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்கள், சிலவற்றில் தேதியும் இருக்கும். சீராக வந்த பாத்திரத்தில் இருப்பது பெரும்பாலும் பெண் வீட்டு இனிஷியல். எழுத்து மங்கியிருந்தால் கொஞ்சம் விபூதியையோ பவுடரையோ தடவி, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள், தெளிவாகத் தெரியும். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி விடாதீர்கள், தேயத் தேய எழுத்தும் போய்விடும்.

கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, குரூப் போட்டோ, ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் எப்படியும் எடுப்பீர்கள், அதை நான் சொல்ல வேண்டாம். போட்டோவின் பின்பக்கத்தையும் படம் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரை எந்த ஊர் என்று சொல்லும்.

ஜாதகம் இருந்தால் அது தங்கம். அதில் ஆங்கில ஆண்டு இருக்காது, தமிழ் வருடப் பெயர் இருக்கும். பிரபவ வருடம் 1867, 1927, 1987 என்று அறுபது ஆண்டுக்கு ஒரு முறை வரும். அதிலிருந்து வரிசையாக எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். விக்ருதி வருடம் என்று இருந்தால் 1890 அல்லது 1950. இரண்டில் எது என்பதை அந்த ஆளின் பிள்ளைகள் வயதை வைத்து முடிவு செய்யலாம். வருடம் சித்திரையில் பிறப்பதால் தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுக்கு ஆங்கில ஆண்டில் ஒன்று கூடும், இதை மறந்துவிடாதீர்கள்; மார்கழியில் பிறந்தவர்களுக்குத் தேதியைப் பொறுத்து இரண்டில் ஒன்று.

குலசாமி கோயில்

எனக்குத் தெரிந்தவரை மதுரை வட்டாரத்தில் இதைவிடப் பெரிய வழி கிடையாது. யார் யார் ஒரே குலசாமியைக் கும்பிட்டு வரி கொடுக்கிறார்களோ அவர்களுக்குள் பெண் எடுக்க மாட்டார்கள், அவர்கள் பங்காளிகள், ஏதோ ஒரு தலைமுறையில் ஒரே வீட்டிலிருந்து பிரிந்தவர்கள் என்ற நம்பிக்கை. வழக்கம் எல்லாச் சமூகத்திலும் அச்சாக ஒன்றாக இருக்காது, ஆனாலும் தேடலுக்கு இது போதும்.

மாசி மாதம் சிவராத்திரிக்குக் கோயிலுக்குப் போங்கள். திருமங்கலம், உசிலம்பட்டி, செக்கானூரணி, பேரையூர்ப் பக்கம் மாசியில் எல்லாச் சனமும் கூடும். சென்னையில், கோயம்புத்தூரில், மலேசியாவில் இருக்கிறவர்கள்கூட அன்றைக்கு வந்துவிடுவார்கள். வேறு எந்த நாளிலும் உங்கள் வகையறாவை இப்படி ஒரே இடத்தில் பிடிக்க முடியாது. கையில் நோட்டும், தெரிந்த வரைக்கும் வரைந்த ஒரு வம்சாவளிப் படமும் கொண்டுபோங்கள். படத்தைத் தரையில் விரித்து உட்கார்ந்தால் போதும், நாலு பேர் வந்து "இது தப்பு, மூத்தவரு இவரு" என்று சண்டைக்கு வருவார்கள். அந்தச் சண்டைதான் உங்களுக்கு வேண்டும். இரண்டு தரப்பும் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், அங்கேயே தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள்.

கோயிலில் கேட்க வேண்டியது தலைக்கட்டு நோட்டு. கல்யாணமான ஒவ்வோர் ஆணுக்கும் ஒரு தலைக்கட்டு என்று வரி பிரித்த கணக்கு அது. ஒரு பெயர் எந்த ஆண்டில் முதன்முதலாகத் தலைக்கட்டாக ஏறுகிறதோ அதற்குச் சற்று முன்னால் கல்யாணம், எந்த ஆண்டில் அந்தப் பெயர் நின்று மகன் பெயர் மட்டும் வருகிறதோ அதை ஒட்டிச் சாவு என்று தோராயமாகப் பிடிக்கலாம். கணக்கு எழுதுகிறவர் ஊர்ப் பெரியவராக இருப்பார். அவரிடம் நோட்டைக் கேட்காமல், அவரையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு புரட்டுங்கள். அப்புறம் கோயில் சுவர், படிக்கல், மணி, வேல், அரிவாள், குத்துவிளக்கு எல்லாவற்றிலும் "உபயம்" என்ற எழுத்தைத் தேடுங்கள். வெள்ளை அடித்து மறைந்த கல்வெட்டு நிறைய.

பூசாரியிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, "இந்தச் சாமிக்குப் பிடிமண் எங்கிருந்து வந்தது?" என்பது. பஞ்சத்துக்கோ பகைக்கோ பயந்து ஊர் மாறிய கூட்டம், பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து புது ஊரில் சாமியை நிறுத்தும். பிடிமண் வந்த ஊர்தான் உங்கள் முந்தைய ஊர். அங்கே போனால் நீங்கள் கேள்விப்பட்டே இராத பங்காளிகள் இருப்பார்கள், "உங்க ஆளுக ராவோட ராவா கிளம்பிப் போனாங்கன்னு எங்க தாத்தா சொல்லுவாரு" என்று கதையின் மறுபாதியை அவர்கள் வைத்திருப்பார்கள். இரண்டு ஊர்க் கதையும் பொருந்தும் இடம் உறுதியான இடம்.

பத்திரமும் பட்டாவும்

இங்கே கவனம் வேண்டும். பத்திரம் என்ற வார்த்தையை எடுத்ததுமே, "திடீர்னு இவன் எதுக்குப் பத்திரம் கேக்குறான், பங்கு கேட்டு வருவானோ" என்று எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். ஒரு தெருவே உங்களோடு பேசுவதை நிறுத்திவிடும் அளவுக்கு இது போகும். அதனால் முதல் சந்திப்பில் பத்திரம் கேட்காதீர்கள். போட்டோ கேளுங்கள், கதை கேளுங்கள், உங்களிடம் இருக்கும் போட்டோவின் நகல் ஒன்றைக் கொடுங்கள். இரண்டு மூன்று முறை போய்ப் பழகிய பிறகு, அவர்கள் முன்னிலையிலேயே, சர்வே எண்ணும் எல்லையும் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, ஆள் பெயர் இருக்கும் பக்கத்தை மட்டும் படம் எடுத்துக்கொள்கிறேன் என்று கேளுங்கள். அசல் எதையும் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போகவே கூடாது.

உங்கள் சொந்த நிலத்திலிருந்தே தொடங்கலாம். பட்டாவில் இருக்கும் சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்று எடுங்கள். 1975க்குப் பிந்தையது பெரும்பாலும் பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கும், அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்களின் நகல் ஏறும் 1ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். அட்டவணை இரண்டு வகை: ஒன்று ஆள் பெயர் வாரியாக, இன்னொன்று சொத்து வாரியாக. புதிதாக வருகிறவர்கள் சொத்து வாரியாக மட்டும் தேடிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பெயர் வாரி அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், தாத்தா விற்றுவிட்ட நிலத்தின் பத்திரமும் அதில் மாட்டும்.

பத்திரங்களில் நமக்கு மிக உயர்ந்தது பாகப்பிரிவினைப் பத்திரம். யார் மகன், எந்தத் தாரத்துப் பிள்ளை, இறந்துபோன அண்ணனின் வாரிசு யார், விதவையான அண்ணிக்கு என்ன ஜீவனாம்சம் என்று எல்லாம் முன்னுரையிலேயே வந்துவிடும். கிரயப் பத்திரத்தில் "இன்னார் மகன் இன்னார்" என்பதோடு நின்றுவிடும். பாகப்பிரிவினையில் மூன்று தலைமுறை ஒரே பக்கத்தில் கிடைக்கும். பாகத் தகராறு கோர்ட்டுக்குப் போயிருந்தால் இன்னும் நல்லது. வழக்கின் பிராதில் வம்சாவளி அட்டவணையே போட்டிருப்பார்கள், தீர்ப்பு நகலிலும் அது இருக்க வாய்ப்புண்டு. நம் பாட்டன்மார் அடித்துக்கொண்டது நமக்கு லாபம்.

பழைய கையெழுத்தைப் படிப்பது முதலில் மலைப்பாக இருக்கும். சில குறிகளைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். ௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ நாள், ௹ ரூபாய், ௸ மேற்படி. கடைசியாகச் சொன்னது பத்திரம் முழுக்க வரும். "௸ ஊர்", "௸யார்" என்று எழுதியிருந்தால் மேலே சொன்ன ஊர், மேலே சொன்ன ஆள். எண்களும் ௧, ௨, ௩ என்று தமிழில் இருக்கும், பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதியிருப்பார்கள், அதனால் ஒரு பெயரை இரண்டு விதமாகவும் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருவாய்க் கணக்கில் ஆண்டு பசலியில், அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு. பசலி 1350 என்றால் 1940 ஜூலை தொடங்கி 1941 ஜூன் வரை. 1980களில் யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது பல பட்டாக்களில் பெயர் மாறியிருக்கிறது, ஆகவே அதோடு நிற்காமல் அதற்கு முந்தைய 'அ' பதிவேட்டையும் நிலவரித் திட்டப் பதிவேட்டையும் கேளுங்கள். ஜமீன் ஊராக இருந்தால், 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு முன்னால் இருந்த கணக்கு ஜமீன் கணக்கு, அது வேறு இடத்தில் இருக்கும். கோயில் மானியம், ஊழிய மானியம் வைத்திருந்த குடும்பமா? சென்னை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இனாம் பதிவேடுகள் இருக்கின்றன. 1858இல் அமைத்த இனாம் கமிஷன் மானியம் அனுபவித்தவர் யார், அவர் அதை யாரிடமிருந்து அடைந்தார் என்று விசாரித்து எழுதியவை அவை.

ஊர் எந்த மாவட்டம் என்பதையும் ஆண்டு வாரியாகப் பாருங்கள். 1910 வரை சிவகங்கையும் ராமநாதபுரமும் மதுரை மாவட்டம். திண்டுக்கல் 1985 வரை மதுரை, தேனி 1996 வரை மதுரை. உங்கள் ஊர் இன்றைக்குத் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் பழைய கோப்பு மதுரையில் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

மற்றப் பதிவேடுகள்

பிறப்பு இறப்புப் பதிவு 1969 சட்டத்துக்கு முன்பும் இருந்தது, ஊர்க் கணக்குப்பிள்ளை எழுதியதுதான். 1980இல் பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியம் பதவிகளை அரசு எடுத்துவிட்ட பிறகு நோட்டுகள் தாலுகா அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம் என்று சிதறின. பிறப்புப் பதிவில் குழந்தை பெயர் இருக்காது, "ஆண்" என்று மட்டும் போட்டு அப்பா பெயர் இருக்கும், அதனால் அப்பா பெயரை வைத்துத் தேடுங்கள். இல்லை என்று வாயால் சொன்னால் விட்டுவிடாமல் எழுத்தில் கேளுங்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு மனுப் போடலாம்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் பெரிய சொத்து. அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் வந்தது. கத்தோலிக்கர்கள் என்றால் பங்குக் கோயிலில் கேட்ட பிறகு, கொடைக்கானல் செண்பகனூரில் இருக்கும் இயேசு சபை ஆவணக் காப்பகம். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர், அதாவது கல்யாணப் பதிவேடு. மணமகன், மணமகள், இருவரின் தகப்பன், சாட்சி என்று ஒரே வரியில் இரண்டு வீடு வந்துவிடும்.

பிரமலைக் கள்ளர் குடும்பங்களில் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரேகைச் சட்டம் என்று நம் பக்கம் சொல்லும் குற்றப் பரம்பரைச் சட்டக் காலத்தில், 1947இல் அது ஒழியும் வரை, ஊர் ஊராக ஆண்களின் பெயரை எழுதி ரேகை எடுத்தார்கள். 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது அந்த ரேகைக்கு எதிராகத்தான். அவமானப்படுத்த எழுதிய அந்தப் பதிவேடுகளில் தாத்தா பெயரைப் பார்க்கும்போது மனசு கனக்கும். இருந்தாலும் தேட வேண்டும் என்பதே என் கருத்து, நம் ஆட்கள் என்ன பட்டார்கள் என்பதற்கு அவையும் சாட்சி. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளையும் கேளுங்கள், பல ஊர்களில் முதல் தலைமுறை எழுத்தறிந்தவர்களின் பெயர் அவற்றில் இருக்கிறது.

கடல் தாண்டிப் போனவர்கள்

"தாத்தாவோட தம்பி ஒருத்தரு கப்பல் ஏறினாரு, அப்புறம் தகவலே இல்ல" என்பது பல வீட்டில் உண்டு. எந்த நாடு என்பதைப் பொறுத்து வழி மாறும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும் எழுதியிருப்பார்கள். மொரீஷியஸ் ஆவணங்கள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன, பலருக்குப் புகைப்படமும் உண்டு. எழுதியவர் வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அதனால் ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும்.

இலங்கைத் தோட்டம், மலேயா என்றால் கங்காணி முறை, கங்காணி என்பவர் தன் ஊர்ப் பக்கத்திலிருந்தே ஆள் சேர்த்துக் கொண்டுபோவார். ஒரே ஊரிலிருந்து கூட்டமாகப் போயிருப்பார்கள், அதனால் ஊரில் வேறு யார் வீட்டிலிருந்து போனார்கள் என்று கேட்பது நேர்வழி. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களிடம் குடும்ப அட்டையும் பாஸ்போர்ட்டும் இருக்கும், சொந்த ஊர் விவரம் அதில் கிடைக்கும்.

சேர்ந்து தேடுவது

இதைத் தனியாகச் செய்ய முடியாது. ஒரு வகையறாவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் ஒரு வீட்டுக்கு ஒருவராவது இருக்கட்டும். பழைய கையெழுத்துப் படிப்பவர் ஒருவர், பதிவு அலுவலகத்துக்குப் போகத் தயங்காதவர் ஒருவர், கிழவிகளோடு பேசத் தெரிந்தவர் ஒருவர் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தக்காரர் அல்லாத தேடல்காரர்களோடும் பழகுங்கள். அவர்கள் தங்கள் ஆளைத் தேடும்போது உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்தால் படம் எடுத்து அனுப்புவார்கள், நீங்களும் அப்படியே செய்ய வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களின் பெயரை விடாமல் குறித்துக்கொண்டால் அது இன்னொரு வீட்டுக்கு உதவும்.

குழுவில் ஒரு விதி கட்டாயம்: எந்தத் தகவலைப் போட்டாலும் யார் சொன்னது, எந்த நோட்டு, எந்தப் பத்திரம் என்று கூடவே போட வேண்டும். மூவேந்தர் வம்சம், பாளையக்காரர் வாரிசு என்று யாராவது தொடங்கினால், அவர் சொன்ன கதை என்று தனியாகக் குறித்துக்கொண்டு, பத்திரம் எங்கே நிற்கிறதோ அங்கேயே நில்லுங்கள்.

ஒரே பெயர்க் குழப்பம் கட்டாயம் வரும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் கருப்பன் மகன் வீரன், வீரன் மகன் கருப்பன், கருப்பன் மகன் வீரன் என்று மாறி மாறி ஓடும். மூத்தவர் குழந்தைகளுக்கும் இளையவர் குழந்தைகளுக்கும் அதே தாத்தா பெயர் என்பதால் ஒரே காலத்தில் நாலு வீரன் இருப்பார்கள். இதற்கு ஒரே மருந்து, ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் எண் கொடுப்பது. கூடவே மனைவி பெயர், பட்டப்பெயர், நிலம் இருந்த இடம். அக்கா மகளைக் கட்டியவர், மாமன் மகளைக் கட்டியவர் நம்மில் நிறைய என்பதால் ஒரே ஆள் படத்தில் இரண்டு இடத்தில் வருவார், எண் இருந்தால்தான் அது தெரியும்.

கணினியில் ஏற்ற கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும். குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் சாதிப் பெயரையோ தாத்தா பெயரையோ போட்டு நிரப்பாதீர்கள், தகப்பன் பெயர் என்று வகை குறித்துக்கொள்ள அதில் இடம் இருக்கிறது. வகையறாவையும் குலசாமியையும் தனிக் குறிப்பாகப் போடுங்கள், பின்னால் அதை வைத்துத்தான் தேடுவீர்கள்.

தேடும்போது யாரும் சொல்லாமல் வைத்திருந்த இரண்டாம் தாரம், சுவீகாரம், ஓடிப்போன கல்யாணம் எல்லாம் வெளியே வரும். சம்பந்தப்பட்டவரோ அவர் பிள்ளைகளோ உயிரோடு இருந்தால் அதைக் குழுவில் போடுவதற்கு முன் அவர்களிடம் தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் போடாதீர்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, பத்திர எண் எதுவும் பொதுவில் வரக் கூடாது. வரைந்த படத்தை ஆண்டுக்கு ஒரு முறை அச்சிட்டுக் கோயில் கணக்கரிடம் ஒரு பிரதி, பங்காளி வீடுகளில் ஒவ்வொன்று என்று கொடுத்துவிடுங்கள், விடுபட்ட பிறப்பையும் இறப்பையும் எழுத ஓரத்தில் கொஞ்சம் வெற்றிடம் விட்டு.